முதல் சொல்லுக்கே எழுந்த கை

அத்தியாயம் 14

கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டுத்தான் மறுவேலை என்று வாழ்ந்தவர் மணிக்காரர். ஆனால் போன வாரம் தம்பி மனைவிக்குக் கொடுத்த வாக்கு மட்டும் சட்டைக்குள் புகுந்த எறும்பாக அவரைப் படுத்திக்கொண்டிருந்தது.

ஊரின் மீன் ஏலக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக விலை கூப்பிடுகிறவர் அவர்தான். கையில் எப்போதும் பித்தளை மணி. அதனால் மணிக்காரர். தம்பிக்குச் சொந்தமாகப் படகு இருக்கிறது. அண்ணன் ஏலம் விடுகிற இடத்தில் தம்பியின் மீன் முதலில் ஏறினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அதனால், தம்பியின் படகு எத்தனை சீக்கிரம் கரைக்கு வந்தாலும் அதன் மீன் கடைசியில்தான் தராசு ஏற வேண்டும் என்று அவராகவே கட்டு போட்டிருந்தார். கூடத்தில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அது அவருடைய மானம் எழுதிய சட்டம்.

கடைசியில் ஏறும் மீனுக்குக் கடைசி விலைதான் கிடைக்கும். அதற்குள் வாங்குகிறவர்கள் லாரியை நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். தம்பி இருபத்திரண்டு வருடம் வாய் திறக்கவில்லை. திறந்தது அவர் மனைவிதான்.

"இனிமே எங்க மீனு வந்த வரிசையில ஏறணும். இல்லேன்னா அடுப்பைப் பிரிச்சுக்கலாம்."

குரலை உயர்த்தவில்லை. மணிக்காரரின் தட்டில் சாப்பாடு பரிமாறிக்கொண்டேதான் சொன்னாள். மணிக்காரரின் மனைவி இறந்த பிறகு எட்டு வருடமாக அவருக்குச் சாப்பாடு போடுகிறவளும் அவள்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பு என்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொண்டிருந்த குடும்பம், பிரிந்துவிட்டது என்று பிறர் பேசக் கேட்பதைவிட அவருக்குச் சாவு மேல்.

"சரிம்மா, வரிசைப்படியே ஏறட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இன்று காலை முதலில் கரை சேர்ந்தது தம்பியின் படகு.

*

ஆறு மணிக்கே கூடம் நிரம்பியிருந்தது. ஒரு மூலையில் ஐஸ் அரைக்கும் இயந்திரம் கடகடத்தது. அதையும் மீறி ஆட்கள் கத்தினார்கள். தம்பியின் ஆட்கள் பன்னிரண்டு சூரை மீன்களைக் கொக்கி போட்டு இழுத்துவந்து, தராசு மேடையில் வரிசையாகக் கிடத்தினார்கள்.

மணிக்காரர் குனிந்து, வால் பக்கத்தில் கத்தியால் மெல்லிய வில்லை ஒன்றைச் சீவி எடுத்தார். டார்ச் வெளிச்சத்தில் பிடித்தார். மாதுளைச் சிவப்பு. விரல் நுனியில் வைத்துத் தேய்த்தார். பிசுபிசுவென்று எண்ணெய் நின்றது. நல்ல மீன். கிலோ நானூற்றைம்பதுக்குக் குறையாது என்றது அவர் கண்.

அந்தக் கூடத்தில் விலை ஏறாது, இறங்கும். ஏலக்காரர் சற்று உயரத்தில் ஆரம்பித்து ஐந்து ஐந்தாகக் குறைத்துக்கொண்டே வருவார். எந்த இடத்தில் முதல் கை எழுகிறதோ அதுதான் விலை. போக வேண்டிய விலைக்கு இருபது, முப்பது மேலே நின்று ஆரம்பிப்பதில்தான் ஏலக்காரரின் சாமர்த்தியம் இருக்கிறது. முதல் சொல்லுக்கே கை எழுந்துவிட்டால், கூப்பிட்டவருக்கு மீன் தெரியவில்லை என்று பொருள். மணிக்காரருக்கு அந்த அவமானம் ஒருநாளும் நேர்ந்ததில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. அன்றைய முதல் விற்பனைதான் தலைவிலை. முதல் படகில் பொறுக்கி எடுத்த மீன்தானே முதலில் ஏறுகிறது? ஆகையால் பிறகு வரும் எந்தச் சூரைக்கும் அதற்கு மேல் கூப்பிடக் கூடாது. முதலில் வாயிலிருந்து விழும் எண், பின்னால் நிற்கும் அத்தனை படகுக்கும் கூரை.

வேறு யாருடைய மீனாக இருந்தாலும் நானூற்று எழுபத்தைந்தில் ஆரம்பித்திருப்பார்.

நிமிர்ந்தார். முன்வரிசையில் படகுக்காரர் ஒருவர் இளித்துக்கொண்டு நின்றார். பத்து வருடத்துக்கு முன்பே மீசையை எடுத்துவிட்டார் என்றாலும் பெயர் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. மீசை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

"என்ன மணிக்காரரே, இன்னைக்குத் தம்பிக்கு முதல் பந்தியா? பாத்து, கூடக் கொஞ்சம் அள்ளி வைங்க!"

கூடம் சிரித்தது. மணிக்காரரின் முதுகு விறைத்தது. தம்பிக்காக ஒரு காசு ஏற்றிக் கூப்பிட்டான் என்று எவனாவது சொல்லிவிட்டால் இருபத்திரண்டு வருடமும் மண்ணாகிவிடும். கண் ஒரு விலை சொல்ல, நாக்கு வேறு விலை சொன்னது.

"நானூறு!"

சொல் முடியவில்லை. ஒரு கை எழுந்துவிட்டது.

ஐஸ் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்த கை யாருடையது என்று எல்லாரும் பார்த்தார்கள். மணிக்காரரும் பார்த்தார். அது அவருடைய மாப்பிள்ளையின் கை. ஒரே மகளைக் கொடுத்த மாப்பிள்ளை. வெளியூர்த் தொழிற்சாலைகளுக்கு மீன் ஏற்றுகிற வியாபாரி.

இனி மூன்று முறை மணி அடிக்க வேண்டும். மூன்றாவது அடி விழுவதற்குள் படகுக்காரர் தன் மீன்மேல் கை வைத்தால் விற்பனை ரத்து. மறுபடி முதலிலிருந்து கூப்பிடலாம். ஆனால் மீன் தராசில் இருக்கும்வரை ஏலக்காரரும் படகுக்காரரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது.

முதல் அடி. தம்பியைப் பார்த்தார். கை வைடா, கை வை என்று கண்ணால் கெஞ்சினார்.

தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் கூப்பிடும்போது அவர் என்றுமே அப்படித்தான் நிற்பார்.

இரண்டாவது அடி. மணிக்காரர் வேண்டுமென்றே தாமதித்தார். எத்தனை நேரம் தாமதிக்க முடியும்? "என்ன, மணி மாட்டிக்கிச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

தம்பி தலையை மட்டும் லேசாக அசைத்தார். சம்மதம் என்று.

மூன்றாவது அடி விழுந்தது.

"நல்ல குடும்பம்யா!" என்று மீசையின் குரல் எழுந்தது. "தம்பி மீனு, அண்ணன் வாயி, மருமகன் கையி. வெளியாளுங்க நாங்க எதுக்கு? வீட்டுக்குள்ளயே வெச்சு முடிச்சிருக்கலாமே!"

"தம்பி மீனைக் குறைச்சுத்தானே கூப்பிட்டாரு?" என்றார் யாரோ.

"அட, வெவரம் கெட்டவரே! தம்பிக்குப் பன்னெண்டு மீனுல நஷ்டம். மருமகனுக்கு மீதிப் பதிமூணு படகுலயும் லாபம். கூட்டிக் கழிச்சுப் பாரு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

*

அதற்குப் பிறகு நடந்தது ஏலம் இல்லை.

எட்டு நாள் கடலில் கிடந்து வந்த படகுகள். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. திருப்பி எடுத்துப் போகவும் வழியில்லை, வைத்துக் காக்கவும் வழியில்லை. வாங்குகிறவர்களுக்கு அது தெரியும். தலைவிலை நானூறு என்றதும் யாருக்கும் அவசரம் இல்லாமல் போய்விட்டது. முந்நூற்றுத் தொண்ணூறு, எண்பத்தைந்து, எண்பது என்று மணிக்காரரின் குரல் படியிறங்கிப் போனது. தினமும் கூப்பிடுகிற அதே குரல்தான். அவர் காதுக்கே அது வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மீசையின் மீன் ஏறியபோது வில்லையைச் சீவினார். எண்ணெய் கத்தியிலேயே ஒட்டியது. தம்பியின் மீனைவிட ஒருபடி மேல்.

மீசை பக்கத்தில் வந்து நின்றார். இப்போது கேலி இல்லை. "நல்லாப் பாருங்க மணிக்காரரே. நீங்க பாத்தாப் போதும், எனக்கு வேற சாட்சி வேணாம்."

நல்லாத்தான் பார்த்தார். பார்த்து என்ன செய்ய?

"நானூறு" என்றார். எந்தக் கையும் எழவில்லை. "முந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு."

மீசை தன் மீனின் வால் வெட்டில் ஒட்டியிருந்த ஐஸைத் துடைத்துவிட்டு நகர்ந்து போனார். காலையில் பேசிய பேச்சையெல்லாம்விட அது மணிக்காரரைக் குத்தியது.

பதிமூன்று படகும் முடிந்ததும் பின்பக்கம் போனார். மாப்பிள்ளை லாரியில் மீன் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாமா. டீ சொல்லட்டுமா?"

"முதல் சொல்லுக்கே கை தூக்கணுமா மாப்பிள்ளை?"

"நீங்க கூப்பிட்டீங்க, நான் தூக்கினேன். நான் தூக்கலேன்னா பக்கத்துல நின்னவன் தூக்கியிருப்பான்."

"ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம்."

"பொறுத்திருந்தா முந்நூத்தித் தொண்ணூத்தஞ்சுன்னு சொல்லியிருப்பீங்க. சின்ன மாமாவுக்கு இன்னும் அஞ்சு குறைஞ்சிருக்கும். அவருக்கு நான் நல்லதுதான் செஞ்சிருக்கேன்."

பேச்சில் ஓட்டை இல்லை. வழுக்கிக்கொண்டு போகிற பேச்சு. மணிக்காரர் திரும்பினார். திரும்பும்போதுதான் லாரிகளை எண்ணினார். வழக்கமாக மாப்பிள்ளைக்கு இரண்டு லாரி வரும். இன்று ஐந்து நின்றன. ஐந்திலும் ஐஸ் நிரப்பித் தயாராக இருந்தது. லாரியும் ஐஸும் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டியவை.

இன்று சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்று நேற்றே எப்படித் தெரிந்தது?

கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

*

வீட்டுக் குழாயடியில் தம்பி கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா கை வைக்கல?" என்றார் மணிக்காரர், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"எதுக்குக் கை வைக்கணும்? நீங்க நானூறுன்னு சொன்னா அன்னைக்குச் சந்தை நானூறுதான். அப்படித்தான் நெனச்சேன்."

"நான் கண்ணால சொன்னேனே, தெரியல?"

"தெரிஞ்சுது. உங்களுக்கு உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்." தம்பி குழாயை மூடினார். "அர்த்தம் புரிஞ்சிருந்தாலும் வெச்சிருக்க மாட்டேண்ணே. ஊரே பாக்க, அண்ணன் சொன்ன விலையைத் தம்பி வேணாம்னு சொல்றதா? அதுக்கு மீனைக் கடல்லயே கொட்டிட்டு வந்திருப்பேன்."

தம்பி திட்டியிருந்தால்கூட மணிக்காரர் தாங்கியிருப்பார். தான் என்ன சொல்லித் திட்டுவது? இந்தப் பிள்ளையை இப்படி வளர்த்ததே அவர்தானே?

தம்பி மனைவி தட்டு வைத்தாள். இரண்டு பேருக்கும் பரிமாறினாள். யாரையும் பார்க்காமல், "கேட்டது வரிசை. வரிசை கெடைச்சுது. வேற என்ன வேணும்?" என்றாள். அடுத்த கரண்டி சோற்றைத் தட்டில் தட்டிக் கொட்டினாள். அது கோபமா அழுகையா என்று பார்க்க மணிக்காரருக்குத் தலை நிமிரவில்லை.

பிற்பகலில் மகள் வந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. கணவனின் தொழிலில் தொலைபேசி, ரசீது எல்லாம் அவள் பொறுப்பு. வந்தவள் சித்தியிடம்கூடப் பேசாமல் நேராக அப்பாவின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அப்பா, ஊர்ல என்னென்னவோ பேசுறாங்க. நான் ஒண்ணு சொல்லணும். திட்டாம கேளுங்க."

"சொல்லு."

"நேத்து மத்தியானம் தொழிற்சாலைலேர்ந்து போன் வந்துச்சு. சூரை எவ்வளவு கெடைச்சாலும் ஐநூறுக்கு எடுத்துக்கறோம்னாங்க. அவர்கிட்ட சொன்னேன்."

"அது உன் வேலை. அதுல தப்பில்ல."

"அப்புறம் அவர் கேட்டார். நாளைக்கு யார் படகு முதல்ல வரும்னு. சித்தப்பா கரைக்குக் கிட்ட வந்துட்டதாவும், இனிமே அவர் மீனு வந்த வரிசையில ஏறும்னும் சித்தி சொன்னாங்க, அதையும் சொன்னேன்." மகள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். "உங்கப்பா தம்பி மீனை எவ்வளவுல ஆரம்பிப்பார்னு கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேக்கறார்னுதான் நெனச்சேன்."

"நீ என்ன சொன்ன?" என்றார் மணிக்காரர்.

"நான் பெருமையாத்தான்பா சொன்னேன். எங்கப்பாவை என்னன்னு நெனச்சீங்க, தம்பி மீனுன்னா மத்தவங்களுக்குக் கூப்பிடறதைவிடக் குறைச்சுத்தான் கூப்பிடுவார், கூட ஒரு காசு ஏத்த மாட்டார்னு. அப்படியான்னு கேட்டார். எழுந்து போய் லாரிக்குச் சொன்னார்."

வெளியே தம்பி மனைவி பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

மகள்மேல் கோபப்பட இடமில்லை. அவள் அப்பாவைப் புகழ்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை திருடவில்லை, ஒளிந்து பார்க்கவில்லை. மாமனார் எப்படிப்பட்டவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். எந்தக் குணத்தைக் காட்டி மணிக்காரர் ஊரில் நிமிர்ந்து நடந்தாரோ, அதன்மேல் அவர் வீட்டு மாப்பிள்ளையே கணக்கு போட்டு ஐந்து லாரி வரவழைத்திருக்கிறார்.

"அப்பா, ஏதாவது பேசுங்க."

"தண்ணி குடிச்சியாம்மா?" என்றார்.

*

நாலரை மணிக்கு ஏலக்கூடச் சங்கத்தின் செயலாளர் வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்போல இருந்தது. மகள் சமையலறைக்குள் போனாள். தம்பி மேல்சட்டை இல்லாமல் சுவரோரம் வந்து நின்றார்.

"கேக்க வாய் வரல. ஆனா பதிமூணு படகுக்காரங்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாங்க" என்றார் செயலாளர். "நானா எதுவும் சொல்லல. சட்டம் உங்களுக்கே தெரியும். ஆரம்ப விலை எப்படி இருக்கும்னு வாங்கறவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, இன்னைக்கு நடந்த ஏலம் மொத்தமும் செல்லாது. படகுக்காரங்களுக்குப் புதுசா விலை போட்டுக் கொடுக்கணும். வாங்கினவர் இனிமே கூடத்துக்குள்ள கால் வைக்க முடியாது."

"கால் வைக்க முடியாதுன்னா, தொழிலையே விட்டுட வேண்டியதுதான்" என்றார் தம்பி.

"அப்படித்தான் ஆகும்." செயலாளர் மணிக்காரர் பக்கம் திரும்பினார். "விசாரணை, சாட்சி, ஒண்ணும் வேணாம்னு நான்தான் சொன்னேன். மணிக்காரர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னேன். மீசைகூட ஒத்துக்கிட்டார். அவர் வாயால இல்லேன்னு சொல்லட்டும், நான் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கறேன்னு அவரே சொல்லிட்டார். உங்க மாப்பிள்ளைக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா? அவ்வளவுதான் கேள்வி."



தெரியும் என்றால் மகளின் வாழ்க்கை தெருவுக்கு வரும். தெரியாது என்றால் பதிமூன்று வீட்டின் எட்டு நாள் உழைப்பும், அதோடு தம்பியுடையதும், அவர் நாக்கில் செத்துப்போகும். இரண்டு பக்கமும் சுவர். நடுவில் நிற்கிறவருக்கு மூச்சு விட மட்டும்தான் இடம் இருந்தது.

"இவர்கிட்ட இதைக் கேக்கறதே தப்பு" என்றார் தம்பி. குரலில் சூடு ஏறியிருந்தது. "இருபத்திரண்டு வருஷமா என் மீனைக் கடைசில ஏத்தினவர் இவர். அண்ணன் பேசி வெச்சு ஏலம் விடுவாரா? சொல்லுங்கண்ணே. இல்லேன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க, அவர் எழுந்து போகட்டும்."

மணிக்காரர் வாயைத் திறந்தார்.

தம்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் தலையசைத்துச் சம்மதம் சொன்ன அதே முகம். அண்ணன் சொன்னால் அதுதான் விலை என்று நம்புகிற முகம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. சமையலறைக் கதவோரம் தெரிந்த மகளின் புடவை நுனியைப் பார்த்து உண்மை சொல்லவும் முடியவில்லை.

"நாளைக்குக் கூடத்துல வந்து சொல்றேன்" என்றார்.

செயலாளர் ஆச்சரியத்தை மறைத்துக்கொண்டு எழுந்தார். "ஆகட்டும். காலைல ஏலத்துக்கு முன்னாடி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். ஆமா, இல்லை என்று சொல்வதற்கு அண்ணன் நாள் கேட்டுத் தம்பி பார்த்ததில்லை. கேட்டதிலேயே பதில் இருந்தது. தம்பியின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல இறங்குவதை, ஐந்து ஐந்தாக இறங்குவதை, மணிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். நிறுத்த முடியவில்லை.

தம்பி கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். சமையலறை வாசலில் போய் நின்றார்.

"உன் புருஷன் இப்ப எங்கம்மா இருக்கான்?"

மாப்பிள்ளை என்றுதான் எப்போதும் சொல்வார். இருக்கார் என்றுதான் சொல்வார்.

"லாரி ஷெட்ல, சித்தப்பா. எதுக்கு?"

அவர் வாசலுக்குப் போனார்.

"டேய், நில்லு" என்றார் மணிக்காரர்.

தம்பி நின்றார். அண்ணன் நில் என்றால் நிற்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. திரும்பிப் பார்க்காமல், "சொல்லுங்கண்ணே" என்றார். காத்திருந்தார். அண்ணனுக்குப் போதுமான நேரம் கொடுத்துக் காத்திருந்தார்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

"அப்பா, அவரைக் கூப்பிடுங்கப்பா" என்று மகள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீங்க கூப்பிட்டாத்தான் நிப்பார். கூப்பிடுங்கப்பா!"